ஒரு முழம் வளர்ந்த பாய்

பூமாரி கடலைப் பார்க்கமாட்டாள். மாஹிம் மணலில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் அலையையும் அடிவானத்தையும் பார்த்துப் பெருமூச்சு விடும்போது அவள் கண் படகுகளின் பாய்மேல்தான் இருக்கும். "அந்தச் செவப்புப் படகுக்குத் தச்சவன் நூலை இழுத்துப் பிடிச்சுட்டான். ஓரம் சுருங்கிக் கெடக்கு, பாருங்க" என்பாள். பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஓரமும் தெரியாது, சுருக்கமும் தெரியாது. மறுவாரம் அந்தப் பாய் அந்த ஓரத்திலேயே கிழியும். அவளுக்கு ஏதோ அருள் இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். அருளுமில்லை, மருளுமில்லை. பதினோரு வருஷம் கித்தான் என்ற முரட்டுத் துணியைத் தைத்த கண் அது.

ஊர் சாத்தான்குளம் பக்கம். கல்யாணமான கையோடு கணவன் செல்லப்பாண்டியுடன் தாராவிக்கு வந்துவிட்டாள். அவன் தூத்துக்குடித் தோணியில் ஏழு வருஷம் பாய் இழுத்தவன். தாராவியிலோ தோல் கொட்டகையில் ஆட்டுத்தோலை மிதித்துக்கொண்டிருந்தான். "ஒரு வீட்டுக்கு ஒரு நாத்தம் போதும்" என்று சொல்லிவிட்டு, பூமாரி கரீம் பாட்சாவின் கித்தான் பட்டறையில் சேர்ந்தாள்.

கரீம் பாட்சா மேலப்பாளையத்துக்காரர். உலகச் சண்டைக்காலத்தில் பட்டாளத்துக்குக் கூடாரம் தைத்து நிமிர்ந்தவர். சண்டை முடிந்ததும் லாரி மூடும் கித்தான், படகுப் பாய், சாக்கு என்று எது வந்தாலும் தைத்தார். நாற்பத்தேழில் நாடு இரண்டானபோது, செம்பூர்ப் பக்கம் வந்திறங்கிய அகதிகளுக்கான கூடாரமும் அங்கேதான் தைக்கப்பட்டது. "நீங்க கராச்சிக்குப் போகலையா?" என்று யாரோ அவரைக் கேட்டார்கள். "மேலப்பாளையத்துக்கே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் போறேன். கராச்சிக்குப் போக எனக்கு எங்கவே நேரம்?" என்றார்.

அந்தப் பட்டறையில் ஜன்னல் ஓரத்தில் ஒரு மெஷின் உண்டு. வெளிச்சமும் அங்கேதான், காற்றும் அங்கேதான். நுணுக்கமான வேலையெல்லாம் அந்த மெஷினுக்கு வரும். இருட்டு மூலையில் சாக்கு வாய் தைக்கிற மெஷின். அதில் உட்கார்ந்தவர் மாலையில் சணல் தூசியாக எழுந்து போவார். பூமாரி சாக்கிலிருந்து ஜன்னலுக்கு வர எட்டு வருஷம் பிடித்தது. ஆணாக இருந்திருந்தால் எட்டு மாதம். பட்டாள அதிகாரிகள் திருப்பியனுப்பிய கூடாரங்களில் அவள் தைத்தது ஒன்றுகூட இல்லை என்று மூன்று தடவை கணக்கெடுத்த பிறகுதான் கரீம் பாட்சாவுக்கு மனம் வந்தது. திறமை கண்ணெதிரே நின்று கையாட்டினாலும், அது சேலை கட்டியிருந்தால் நம் ஆட்களுக்குப் பார்வை மங்கிவிடும்.

இனி படகுக்கு வருவோம்.

அந்த நாளில் துறைமுகப் பக்கம் வெள்ளைக்காரர்களின் பாய்ப்படகுக் கிளப் ஒன்று இருந்தது. நம்மவர்கள் அங்கே போகலாம், ஆனால் கையில் கயிறோ தட்டோ இருக்கவேண்டும். கடல் நம்முடையது, காற்றும் நம்முடையது. உறுப்பினர் சீட்டு மட்டும் தோல் நிறம் பார்த்துக் கொடுப்பார்கள். இதில் வெகுண்டு எழுந்தவர் மாதுங்கா மகாதேவன். ரயில்வேயில் பாலம் கட்டி ஓய்வு பெற்ற எஞ்சினியர், பாலக்காட்டுக்காரர், ஒல்லி, நேர்மையானவர், விதி என்றால் உயிர். நாலு குமாஸ்தாக்களையும் ஒரு பார்சி டாக்டரையும் மாஹிம் வியாபாரிகள் சிலரையும் சேர்த்து மாஹிம் பாய்ப்படகுச் சங்கம் ஆரம்பித்தார். சாதி, மதம், நிறம் எதுவும் பார்ப்பதில்லை என்பது முதல் விதி. அந்த விதியால்தான் செல்லப்பாண்டியும் தோல் கொட்டகைக் கூட்டாளிகள் நாலு பேரும் பழைய கப்பல் படகு ஒன்றை ஒட்டுப்போட்டு, 'மீன்கொத்தி' என்று பெயர் வைத்துச் சேர முடிந்தது.

ஆனால் விதிகள் நாற்பத்திரண்டு. அதில் முப்பத்தொன்பதாவது: படகு அளக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே பெண்கள் வரக்கூடாது.

"ஏன்?" என்று கேட்டேன். சங்கத்தில் கடிகாரம் பிடிக்கிற வேலை எனக்கு. கேள்வி கேட்பது நானாகச் சேர்த்துக்கொண்ட வேலை.

"கயிறும் கம்பமுமா கெடக்கு. அவா கால் தடுக்கி விழுந்துடுவா" என்றார் மகாதேவன், கவலையோடு.

தாராவிச் சந்தில் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குடம் சுமந்து சாக்கடையைத் தாண்டித் தாண்டி நடக்கிறவர்கள் மாஹிம் மணலில் தடுக்கி விழுந்துவிடுவார்களாம்! வெள்ளைக்காரன் கட்டிய கயிற்றைப் பார்த்துக் கொதித்தவர்தான் இந்தக் கயிற்றையும் கட்டினார். நாம் கொதிப்பதெல்லாம் பெரும்பாலும் நம் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றைப் பார்த்துத்தான். காலுக்குக் கீழே இருப்பது கண்ணில் படாது.

மற்றபடி அவருடைய போட்டி முறை அழகானது. படகுகள் எல்லாம் ஒரே அளவல்ல. பெரிய பாய் அதிகக் காற்றைப் பிடிக்கும், முன்னால் போகும். அதில் பெருமை என்ன? அதனால் ஒவ்வொரு பாயையும் அளந்து, எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரத்தைச் சின்னப் படகுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு சதுர அடி வித்தியாசத்துக்கு மூன்று விநாடி. பெரிய படகு முதலில் கரைக்கு வந்தாலும், விட்டுக்கொடுத்த நேரத்துக்குள் சின்னப் படகு வந்துவிட்டால் ஜெயம் சின்னதுக்கு. எறும்பும் தன் கையால் எண்சாண் என்பார்களே, அதற்குக் கடிகாரம் கட்டிய மாதிரி. நாட்டையும் இப்படி நடத்தினால் என்ன என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

நாற்பத்தேழாம் வருஷம் அளவெடுத்தபோது மீன்கொத்தியின் பாய் நூற்றெண்பது சதுர அடி. பெரிய படகான 'கருடன்' இருநூற்று நாற்பது. அறுபது சதுர அடிக்கு மூன்று நிமிஷம்.

கருடனின் சொந்தக்காரர் சுந்தரராமன். அவரும் மாதுங்காதான். சண்டைக்காலக் கண்ட்ராக்டர். சண்டையில் செத்தவர்கள் பலர், இளைத்தவர்கள் பலர், பருத்தவர்கள் சிலர். இவர் மூன்றாவது வகை. நெற்றியில் விபூதி, விரலில் மோதிரம், வாயில் சதா புன்னகை. படகைத் தண்ணீரில் இறக்கும்போதெல்லாம் தேங்காய் உடைப்பார். கரீம் பாட்சாவின் பட்டறைக்குப் பாதி வேலை இவர் மூலமாகத்தான் வந்தது.

அக்டோபர் மாதம் புதுப் பாய்க்கு இவரே பட்டறைக்கு வந்தார். நேரே ஜன்னல் மெஷினுக்குப் போனார்.

"ஏம்மா, புதுக் கித்தான் நனைஞ்சா சுருங்குமோ?"

"சுருங்கும் ஐயா. ரெண்டு விரக்கடை, மூணு விரக்கடை."

"அதான் கவலை. என் பொண்ணு மாதிரிச் சின்னப் பெண்களுக்குப் பாவாடை தைக்கறச்சே கீழே டக் வைப்பேளே, வளர வளரப் பிரிச்சு விட்டுக்க? அது மாதிரி பாய்க்கும் ஒரு டக் வைச்சுடேன். சுருங்கித்துன்னா பிரிச்சு விட்டுக்கலாம்."

பூமாரிக்குச் சிரிப்பு வந்தது. "பாய்க்குப் பாவாடை டக்கா? எம்புட்டு வைக்க?"

"ஒரு சாண் அகலம் இருக்கட்டுமே. எப்ப வேணாலும் சுலபமாப் பிரிக்கறாப்பல."

ஒரு சாண் மடிப்பைப் பிரித்தால் பாய் ஒரு முழம் நீளும். மூன்று விரக்கடைச் சுருக்கத்துக்கு ஒரு முழம் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. மூன்று பெண் குழந்தைகளுக்குப் பாவாடை தைத்தவள் அவள். வளர்ந்துகொண்டே இருக்கிற பிள்ளைகளுக்கு நடுவே, கூட ஒரு சாண் மடித்து வைப்பது யாருக்கும் தப்பாகத் தெரியாது. பாய் ஒன்றும் பெரியவளாகப் போவதில்லை என்பதை அவள் மறந்தாள். அவள் செய்த பிழை அது ஒன்றுதான்.

சாதாரணத் தையல் போட்டால் பிரிப்பது கஷ்டம். அதனால் சாக்கு மெஷினுக்குப் போய்ச் சங்கிலித் தையல் போட்டாள். அரிசிச் சாக்கைப் பிரிக்கிறவர்களுக்கு அது தெரியும்: சரியான முனையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் சரசரவென்று முழுத் தையலும் கையோடு வந்துவிடும். தானாக அவிழாமலிருக்க முனையில் மூன்று முடிச்சுப் போட்டாள். "முடிச்சை வெட்டிட்டு இழுங்க ஐயா, அல்வா மாதிரி வரும்" என்று சொல்லிக்கொடுத்தும் அனுப்பினாள்.

நவம்பர் முதல் ஞாயிறு மகாதேவன் தம்முடைய ரயில்வே இரும்பு டேப்போடு வந்து கருடனின் பாயை அளந்தார். "இதென்ன பட்டை?" என்று மடிப்பைக் காட்டிக் கேட்டார்.

"கிழியாம இருக்க. பலத்துக்கு" என்றார் சுந்தரராமன். இருநூற்று நாற்பது என்று புத்தகத்தில் ஏறியது. கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தால் பூமாரியாவது அது டக் என்று சொல்லியிருப்பாள். அவள் அன்று பட்டறையில் அகதிக் கூடாரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் போட்டி. மாஹிம் கரையில் புறப்பட்டு, வொர்லி பக்கத்து மிதவையைச் சுற்றி, பாந்திரா முனைப் பக்கத்து மிதவையையும் சுற்றிக் கரைக்கு வரவேண்டும். சுந்தரராமன் தேங்காய் உடைத்தார். செல்லப்பாண்டி காற்றடிக்கும் பக்கம் பார்த்து எச்சில் தொட்ட விரலைத் தூக்கிப் பிடித்தான். இரண்டில் எது பயன்பட்டது என்பதை வாசகர்கள் முடிவு செய்யட்டும்.

நல்ல காற்று. முதல் மிதவை வரை மீன்கொத்தி கருடனின் வாலைப் பிடித்துக்கொண்டே போயிற்று. அதன் பிறகு கருடன் விலகிக்கொண்டே போனது. இரண்டாவது மிதவையைச் சுற்றிக் கரைப்பக்கம் திரும்பியபோது அதன் பாய் நன்றாகத் தெரிந்தது. கயிற்றுக்கு வெளியே பெண்கள் கூட்டத்தில் நின்றிருந்த பூமாரி "ஐயையோ!" என்றாள்.

அவள் பக்கத்தில் அக்தர் பானு நின்றாள், கரீம் பாட்சாவின் மகள். "என்னக்கா?"

"பட்டையைக் காணோம். என் தையல் பிரிஞ்சு போச்சு!"

முகம் வெளுத்துவிட்டதாம். கவனியுங்கள், முதலில் அவள் நினைத்தது மோசடியை அல்ல, தன் தையலை. பதினோரு வருஷத்தில் அவள் போட்ட தையல் ஒன்று நடுக்கடலில் விட்டுவிட்டது என்ற வெட்கம்தான் முதலில் வந்தது. பிறகுதான் மூன்று முடிச்சு ஞாபகம் வந்தது. அவள் போட்ட முடிச்சு காற்றுக்கு அவிழாது. ஒருவர் கத்தி எடுக்கவேண்டும், ஒருவர் இழுக்கவேண்டும்.

கருடன் கரைக்கு வந்தது. நான் கடிகாரத்தை அமுக்கினேன். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி கழித்து மீன்கொத்தி வந்தது. விட்டுக்கொடுத்த நேரம் மூன்று நிமிஷம். நாற்பது விநாடியில் ஜெயம் கருடனுக்கு.

செல்லப்பாண்டி நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டு கயிற்றுப் பக்கம் வந்தான். பூமாரி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த டக்கைப் பிரிச்சிருக்காரு. ஒரு முழம் பாய் கூட."

அவன் திரும்பிக் கருடனின் பாயைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். "ஏட்டி, சும்மா இரு."

"என்னது சும்மா இரு? தோத்தது நீங்க!"

"தோத்தா தோத்துட்டுப் போறோம். அடுத்த வருசமும் கடல் இங்கேதான் கெடக்கும். நீ வாயைத் தொறந்தா ஜன்னல் மெஷின் காலி. அப்புறம் சாக்குதான். எட்டு வருசம் ஆச்சுல்லா அதுக்கு?"

"நான் தச்சதை வச்சே ஒங்களை அடிச்சிருக்காரு. அந்த ஜன்னல்ல நான் எப்படி ஒக்காந்து தைக்க?"

செல்லப்பாண்டி பிழிந்த வேட்டியை மறுபடி பிழிந்தான். அதில் தண்ணீர் இல்லை. "சரி, சொல்லு. ஆனா நிதானமாச் சொல்லு" என்றான்.

அவளுக்கு நிதானம் வராது. கயிற்றின்மேல் சாய்ந்து, அலைச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தாள். "எஞ்சினியர் ஐயா! கருடன் பாயை மறுபடி அளங்க! அதுல டக் இருந்துச்சு. தச்சது நாந்தான்!"

கரீம் பாட்சா கூட்டத்தின் பின்னாலிருந்து, "பூமாரி! இந்தப் பக்கம் வா!" என்றார். அவள் திரும்பவில்லை.

சுந்தரராமன் புன்னகை மாறாமல் வந்தார். "இவ புருஷன் தோத்துட்டான். பாவம், ஆத்தாமை. புதுத் துணி காத்துல கொஞ்சம் இழுத்துக் குடுக்கும், சார். உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம்."

"சுருங்கும்னுதான ஐயா டக் வைக்கச் சொன்னிய? இப்ப நீளுதுன்னு சொல்லுதிய?" என்றாள் பூமாரி. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பாயை இங்க கொண்டாங்க. நான் காட்டுதேன்."

மகாதேவன் நெற்றியைத் தேய்த்தார். "அம்மா, முப்பத்தொன்பதாவது விதி. நீ உள்ளே வரப்படாது."

"நான் வரலை. பாயை வெளியே அனுப்புங்க. பாய் வெளிய வரக்கூடாதுன்னு விதி இருக்கா?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். உண்மையாகவே புரட்டினார். அப்படி ஒரு விதி இல்லை. நாலு பேர் கருடனின் பாயை அவிழ்த்து, பிணத்தைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டி வெளியே வந்தார்கள். பின்னாலேயே மகாதேவன், டாக்டர், நான், சுந்தரராமன், பிறகு சங்கம் முழுவதும் வெளியே வந்தது. கயிற்றுக்குள்ளே ஒரு நாய் மட்டும் மிச்சம்.

பூமாரி பாயின் ஒரு பகுதியைத் தூக்கி வெயிலுக்கு எதிராகப் பிடித்தாள். கித்தானின் குறுக்கே வெளிச்சம் புள்ளி புள்ளியாக ஒரே வரிசையில் தெரிந்தது. ஊசித் துளைகள். "இது ஒரு வரிசை." முழங்கையை மடித்து அளந்து, கீழே இன்னொரு இடத்தைப் பிடித்தாள். "இது அடுத்த வரிசை. ரெண்டையும் சேத்துத் தச்சது. நடுவுல ஒரு முழம். கீழ் வரிசைக்கு மேல ஒரு சாணும் கீழ ஒரு சாணும் துணி வெள்ளையா இருக்கு, பாருங்க. மத்த இடம் ஒரு மாசம் வெயில் பட்டுப் பழுத்துப்போச்சு. இது மடிப்புக்குள்ள ஒளிஞ்சு கெடந்துச்சு. துணி நீண்டா ஓட்டை விழுமா ஐயா? நீண்டா வெளுக்குமா?"

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நிறம், துளை, இடைவெளி. ஒரு நல்ல பரிசோதனைக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது.

சுந்தரராமனின் புன்னகை இப்போதுதான் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் அவர் கையில் பழைய ஆயுதம் ஒன்று இருந்தது. "சார், நான் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்றேன். நீங்க அளந்த அதே பாய்தான் இது. வேற பாய் மாத்தலை. ஒரு அங்குலத் துணி சேர்க்கலை. கற்பூரம் கொண்டு வாங்கோ."

கற்பூரம் என்றதும் கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. மகாதேவன்கூட விதிப்புத்தகத்தை மூடினார். நம் நாட்டில் இது ஒரு விசித்திரம். கண்ணெதிரே துணியில் துளை தெரிகிறது. ஆனாலும் ஒருவர் தீயைக் கையால் அணைக்கத் தயார் என்றால் துளையின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். பார்க்கப்போனால் அவர் சொல்ல இருந்த சத்தியத்தில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அதே பாய்தான். துணி சேர்க்கவும் இல்லை. பக்தியோடு ஏமாற்றுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

"கற்பூரம் எரிஞ்சு தீந்துரும் ஐயா" என்றாள் பூமாரி. "ஓட்டை அப்படியே இருக்கும். முடிச்சை வெட்டுனியளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தோளைக் குலுக்கினார். "சரி, வெட்டினேன். அதனால என்ன? பதினேழாவது விதி: அளந்தப்புறம் பாயிலே துணி சேர்க்கப்படாது. நான் துணி சேர்க்கலையே. நூலைத்தானே எடுத்தேன்? நூல் எடுக்கக்கூடாதுன்னு எங்கே எழுதியிருக்கு?"

மகாதேவன் பதினேழாவது விதியைப் படித்தார். மறுபடி படித்தார். அவர் கட்டிய பாலம் ஒன்று கண்முன்னே சரிந்தாலும் முகம் அப்படிப் போயிருக்காது. எழுதியது அவர்தான். ஓட்டை அவருடையது.

"விதிப்படி..." என்று இழுத்தார். "விதிப்படி இவர் ஒண்ணும்..."

"குத்தம் இல்லைன்னா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் பூமாரி. "அவரைத் தள்ளவும் வேண்டாம், தண்டிக்கவும் வேண்டாம். ஏத்துன பாய் என்ன பெருசோ, அதுக்கு உண்டான நேரத்தைக் குடுக்கச் சொல்லுங்க. அதுக்குத்தான ஐயா பாயை அளக்கிய?"

மகாதேவனின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். டேப்பை எடுத்தார்.

"போட்டி முடிஞ்சப்புறம் அளக்கறதா? இதென்ன நியாயம்?" என்றார் சுந்தரராமன்.

"நீங்கதானே ஒரு தப்பும் பண்ணலைன்னேள்? தப்பு பண்ணாதவாளுக்கு டேப்பைக் கண்டு என்ன பயம்? அந்த முனையைப் பிடியுங்கோ."

இருநூற்று அறுபத்து நாலு. இருபத்து நாலு சதுர அடி கூடுதல், எழுபத்திரண்டு விநாடி. மீன்கொத்திக்கு வரவேண்டிய நேரம் நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. அது எடுத்துக்கொண்டது மூன்று நிமிஷம் நாற்பது. முப்பத்திரண்டு விநாடியில் மீன்கொத்தி ஜெயித்தது. செல்லப்பாண்டியின் கூட்டாளிகள் அவனைத் தூக்கித் தண்ணீரில் போட்டார்கள். "ஏ, இப்பத்தாம்லே பிழிஞ்சேன்!" என்று அவன் கத்தியது பாந்திரா வரை கேட்டிருக்கும்.

கதையை இங்கேயே முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் திங்கட்கிழமை என்று ஒன்று உண்டு.

திங்கட்கிழமை காலையில் ஜன்னல் மெஷினில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். கரீம் பாட்சா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கொஞ்ச நாள் சாக்குப் பக்கம் இரு, பூமாரி. கண்ட்ராக்டர் கோவம் ஆறட்டும்."

"ஆறலைன்னா, முதலாளி?"

அவர் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். கெட்டவர் அல்ல, பயந்தவர். உலகத்தின் அநியாயத்தில் பெரும் பகுதியைக் கெட்டவர்கள் செய்வதில்லை, பயந்தவர்கள்தான் செய்து முடிக்கிறார்கள். அவ்வளவு பயந்தும் பலனில்லை. சுந்தரராமன் தம் வேலைகளை வேறு பட்டறைக்கு மாற்றிக்கொண்டார். பூமாரி நாலு மாதம் சணல் தூசியில் இருமிக்கொண்டு சாக்கு வாய் தைத்தாள். வருத்தமா என்று கேட்டேன். "இருமல்தான் வருத்தம்" என்றாள். "சொன்னதுக்கு வருத்தமில்லை."

ஏப்ரலில் ஒரு நாள் மகாதேவன் அந்தப் பட்டறைக்கு வந்தார். கையில் விதிப்புத்தகம், பென்சில். ஜன்னலைப் பார்த்தார், அவள் இல்லை. இருட்டு மூலைக்குப் போய்ச் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"பாயிலே இன்னும் எத்தனை விதமா ஏமாத்தலாம்? சொல்லு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு விதி எழுதப் போறேன்."

பூமாரி மெஷினை நிறுத்தாமலே சொன்னாள். ஈரமாக்கி அளந்து காயவைத்து ஏற்றுவது ஒன்று. குறுக்கு இழையில் வெட்டித் தைத்தால் காற்றில் வயிறு தள்ளிக்கொள்ளும், அது ஒன்று. ஓரக்கயிற்றை முறுக்கித் தைத்துப் பிறகு முறுக்கவிழ்ப்பது ஒன்று. வந்த சாயா ஆறுவதற்குள் ஏழு ஆயிற்று. மகாதேவன் வியர்த்துப் போனார்.

"அவ்வளவுதானே?"

"எட்டாவது ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லமாட்டேன். நாளைக்கு நீங்க என்னையக் கூப்பிட ஒரு காரணம் வேணும்லா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எழுந்தவர் கரீம் பாட்சாவிடம் போய், வரும் வருஷத்திலிருந்து சங்கத்துப் பாய்களை எல்லாம் அளவுக்கு முன்னால் பரிசோதிக்கப் போவது இந்த அம்மாதான் என்று சொல்லிவிட்டுப் போனார். செய்தி பரவியது. பரிசோதிக்கிறவள் இருக்கும் பட்டறையிலேயே பாய் தைத்தால் தொந்தரவில்லை என்று படகுக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். பூமாரி அவர்களை நிறுத்திவைத்து, தான் தைத்த பாயைத் தானே பரிசோதிக்கமாட்டேன் என்று சொன்னாள். அந்தப் பாய்களை டாக்டர் பரிசோதிக்கட்டும் என்று ஏற்பாடாயிற்று. ஊசித்துளையைப் பார்க்க டாக்டருக்கு அவளே கற்றுக்கொடுத்தாள். கரீம் பாட்சா ஒரு காலையில் ஜன்னல் மெஷினைத் தாமே துடைத்து, எண்ணெய் போட்டு, "வா" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தேன், இன்னும் எதிர்பார்க்கிறேன்.

முப்பத்தொன்பதாவது விதியை எடுத்துவிட மகாதேவன் அந்த ஆண்டுக் கூட்டத்தில் பிரேரணை கொண்டுவந்தார். இரண்டு ஓட்டில் தோற்றது. எதிர்த்தவர்கள் எல்லோரும் சுதந்திரத்தைப் பற்றி நன்றாகப் பேசக்கூடியவர்கள். மகாதேவன் வாக்குவாதம் செய்யவில்லை. பாய் அளக்கும் இடத்தைக் கயிற்றுக்கு வெளியே இருபது கஜம் தள்ளி மாற்றிவிட்டார். பாய் எங்கேயோ அங்கேதான் டேப். டேப் எங்கேயோ அங்கேதான் சங்கம். கயிற்றுக்குள்ளே நாய் நிரந்தரமாகக் குடியேறியது.

நாற்பத்தெட்டு நவம்பரில், அளவெடுக்கும் ஞாயிறு. மணலில் விரித்த சாக்கின்மேல் பூமாரி உட்கார்ந்திருந்தாள், வழக்கம்போலக் கடலைப் பார்க்காமல். வரிசையில் முதல் பாய் கருடனுடையது. சுந்தரராமன் தாமே சுமந்துகொண்டு வந்திருந்தார். புன்னகையும் வந்திருந்தது.

அவள் பாயை ஓரத்திலிருந்து ஓரம் வரை கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள். அவசரமே படவில்லை. கீழ்ப்பக்கம் வந்ததும் ஒரு நிமிஷம் விரல் நின்றது. சுந்தரராமன் மோதிரத்தைத் திருகினார்.

"நல்லாத் தச்சிருக்கான்" என்றாள் பூமாரி. "எங்க தச்சிய?"

பட்டறையின் பெயரைச் சொன்னார்.

"டக் எதுவும் இல்லியே ஐயா?"

"இல்லேம்மா."

"தெரியும். சும்மா கேட்டேன்." பாயைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள். "மக நல்லா வளந்திருப்பாளே, இப்ப? அவ பாவாடைக்கு வேணும்னா கொண்டாங்க. வச்சுத் தாரேன்."